டைட்டன்: நிறுவனத்துக்கு ஒரு ஸ்வாட், பங்குக்கு இன்னொன்று

பங்கு வாங்குவதற்கு முன் பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம் போட்டு நிறுவனத்தை எடைபோடும் வழக்கம் சிறு முதலீட்டாளர்களிடையே பரவலாகிவிட்டது. தரகு நிறுவனங்களின் செயலிகளைத் திறந்தால் ஒவ்வொரு பங்கின் கீழும் ஸ்வாட் (SWOT) எனப்படும் இந்த நான்கு கட்ட அட்டவணை ஆயத்தமாக இருக்கிறது. பலம் என்ற கட்டத்தில், பங்கு விலை கடந்த 200 நாள் விலைகளின் சராசரிக்கு மேல் உள்ளது என்றும், பரஸ்பர நிதிகள் கடந்த காலாண்டில் கூடுதலாக வாங்கியுள்ளன என்றும் கணினி எழுதி வைத்திருக்கும். இவை சந்தையில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கான பதிவுகளே தவிர, நிறுவனத்தின் பலத்தைப் பற்றி இவற்றிலிருந்து எதுவும் தெரிவதில்லை. இன்னொரு வகை அட்டவணை, நிறுவனமே முதலீட்டாளர்களுக்காகத் தயாரித்து வெளியிடும் விளக்கக் கோப்புகளிலிருந்து நிரப்பப்படுவது. அதில் பலத்துக்குப் பத்து வரியும் பலவீனத்துக்கு ஒரு வரியும் இருக்கும்; அந்த ஒரு வரியும் பெரும்பாலும் மூலப்பொருள் விலை ஏற்ற இறக்கம் என்பதாகவே இருக்கும்.

இந்தக் குறைகளுக்காக முறையையே கைவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எனக்கென்று இரண்டு நிபந்தனைகளை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். அட்டவணையில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஆண்டறிக்கையிலோ காலாண்டு முடிவுகளிலோ ஒரு எண் சான்றாக இருக்க வேண்டும். சான்று கிடைக்காத வரியை அடித்துவிட வேண்டும் என்பது முதலாவது. நிறுவனத்துக்கான அட்டவணையும் அதன் பங்குக்கான அட்டவணையும் வேறு வேறு என்பது இரண்டாவது. பங்கின் விலை எங்கும் எழுதப்படாத ஸ்வாட் அட்டவணை அந்த நிறுவனத்தில் வேலைக்குச் சேரலாமா என்று முடிவு செய்யப் பயன்படலாம்; பங்கை வாங்கலாமா என்பதற்கு அது விடை சொல்லாது. இதை ஒரு நிறுவனத்தை வைத்து விளக்குவதே எளிது என்பதால் டைட்டனை எடுத்துக்கொள்கிறேன். 2024-25 நிதியாண்டு வரையிலான கணக்குகளே இங்கே அடிப்படை. நான் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியில் பதிவுபெற்ற ஆலோசகன் அல்லன் என்பதையும், இது வாங்கவோ விற்கவோ சொல்லும் பரிந்துரை அன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டைட்டன் 1984-இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய கூட்டு முயற்சி. ஒசூரில் கைக்கடிகார ஆலையோடு ஆரம்பித்த நிறுவனம், 1990-களின் நடுவில் தனிஷ்க் என்ற பெயரில் நகை வணிகத்துக்குள் நுழைந்தது. இன்றைக்கு அதன் வருவாயில் 85 சதவீதத்துக்கு மேல் நகையிலிருந்துதான் வருகிறது. எனவே இதைக் கடிகார நிறுவனம் என்று எண்ணி அட்டவணை எழுதத் தொடங்குபவர் முதல் வரியிலேயே தடம் மாறிவிடுவார். டிட்கோவிடம் 27.88 சதவீதப் பங்கும், டாடா குழுமத்திடம் ஏறக்குறைய 25 சதவீதப் பங்கும் உள்ளன. மொத்தப் பங்குகள் 88.78 கோடி. 2023-24-க்குப் பங்கு ஒன்றுக்கு 11 ரூபாய் ஈவுத்தொகை வழங்கப்பட்டதை வைத்துக் கணக்கிட்டால், டிட்கோவுக்கு மட்டும் ஏறத்தாழ 272 கோடி ரூபாய் சென்றிருக்கிறது. அரசு நிறுவனம் ஒன்று பெரிய பங்குதாரராக இருந்தும் அன்றாட நிர்வாகத்தில் தலையிடாமல் நாற்பது ஆண்டுகள் நீடித்திருப்பது நம் நாட்டில் அரிதானது. இதைப் பலம் என்று எழுதலாமா என்றால், எழுதலாம்; ஆனால் இந்தப் பலம் லாபக் கணக்கில் எங்கே தெரிகிறது என்று என்னால் காட்ட முடியாததால், என் அட்டவணையில் அதற்கு இடம் தரவில்லை.

டைட்டனின் முதன்மையான பலமாக எல்லோரும் சொல்வது நம்பிக்கை. நம்பிக்கை என்ற சொல்லை அப்படியே எழுதி வைத்தால் அது வெறும் பாராட்டு. நகைக்கடையில் அந்த நம்பிக்கைக்கு ஒரு விலை உண்டு, அதற்குச் செய்கூலி என்றும் சேதாரம் என்றும் பெயர். தங்கத்தின் விலை எந்தக் கடைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்கு மேல் வாடிக்கையாளர் கொடுக்கச் சம்மதிக்கும் தொகைதான் கடையின் வருமானம். தனிஷ்க்கில் செய்கூலி அதிகம் என்று குறைபட்டுக்கொண்டே அங்கே வாங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் குறைபட்டுக்கொண்டும் வாங்குவதுதான் பலத்துக்கான சான்று. கணக்கில் இது நகைப் பிரிவின் லாப விகிதமாகத் தெரிகிறது: வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் பல ஆண்டுகளாக விற்பனையில் 11 முதல் 13 சதவீதம் வரை நின்றிருக்கிறது. தங்கத்தை எடைபோட்டு விற்கும் தொழிலில் இது சாதாரண விகிதம் அன்று.

அந்த நம்பிக்கை எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் வந்த வழியே அது போகவும் கூடும். தனிஷ்க் தொடக்கத்தில் 18 காரட் நகைகளோடு வந்தபோது, 22 காரட் தங்கத்தைச் சேமிப்பாகக் கருதிய நம் வாடிக்கையாளர்கள் அதைப் பெரிதாக ஏற்கவில்லை. பின்னர் 22 காரட்டுக்கு மாறியதோடு, கடைகளில் காரட்மீட்டர் என்ற பரிசோதனைக் கருவியை வைத்து, வேறு கடைகளில் வாங்கிய நகையையும் கொண்டுவந்து சோதித்துப் பார்க்கலாம் என்று அழைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே பத்தரிடம் நகை செய்தவர்கள், தங்கள் நகையில் சொல்லப்பட்ட காரட் இல்லை என்பதைக் கண்ணாரக் கண்டபோது, தூய்மை என்பது தனிஷ்க்கின் தனிச்சொத்தாயிற்று. ஆனால் 2021 ஜூன் முதல் ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. தரகு நிறுவனங்களின் அறிக்கைகள் பலவும் இதை டைட்டனுக்கான வாய்ப்பு என்றே எழுதின: முறைசாராக் கடைகள் பின்தங்கும், அமைப்பு சார்ந்த நிறுவனங்கள் அந்தச் சந்தையைப் பிடிக்கும் என்பது அவர்களின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. எனினும் அதே நடவடிக்கை, டைட்டன் இருபது ஆண்டுகள் செலவிட்டுச் சேர்த்த தூய்மைக்கான நற்பெயரை, முத்திரை குத்திய ஒவ்வொரு கடைக்கும் இலவசமாக வழங்கிவிட்டது. பக்கத்துக் கடை நகையிலும் அரசின் முத்திரையும் அடையாள எண்ணும் இருக்கும்போது, கூடுதல் செய்கூலியை இனி எதற்காகக் கொடுப்பது என்ற கேள்வி வாடிக்கையாளருக்கு எழும். வடிவமைப்புக்காகவும் கடை அனுபவத்துக்காகவும் கொடுக்கலாம்; தூய்மைக்காகக் கொடுக்கத் தேவையில்லை. ஆகவே ஹால்மார்க் என்ற ஒரே நிகழ்வை நான் வாய்ப்பிலும் எழுதுகிறேன், அச்சுறுத்தலிலும் எழுதுகிறேன். அட்டவணை அழகாக இராது, பரவாயில்லை.

நகைச்சீட்டுக்கும் இப்படி இரட்டை முகம் உண்டு. டைட்டனின் கோல்டன் ஹார்வெஸ்ட் போன்ற திட்டங்களில் வாடிக்கையாளர்கள் மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள். நிறுவனத்துக்கு அது வட்டிச் செலவு அதிகமில்லாத நடைமுறை மூலதனம், கூடவே உறுதியான எதிர்கால விற்பனை. 2014-இல் புதிய நிறுவனச் சட்டத்தின்கீழ் வைப்புத்தொகைகளுக்கான விதிகள் வந்தபோது, 365 நாட்களுக்குள் பொருளாகக் கொடுத்து முடிக்காத முன்பணம் வைப்புத்தொகையாகக் கருதப்படும் என்றாகிவிட்டது. டைட்டன் தன் திட்டத்தை நிறுத்தி, காலத்தைச் சுருக்கி மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. நம் ஊர்க் கடைகளில் எல்லாம் 11 மாதச் சீட்டாகவே இருப்பதன் காரணமும் இந்த விதிதான். ஒரு பலம் அரசின் ஒரு விதியால் சில மாதங்களுக்கு நின்றுபோகக்கூடியது என்றால், அந்தப் பலத்தின் எதிரே அச்சுறுத்தல் கட்டத்தில் அந்த விதியின் பெயரும் இருக்க வேண்டும்.

பலவீனங்களில் கனமானது சரக்கிருப்பு. நகைக்கடை என்பது சரக்கைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டி விற்கும் தொழில். கடை கூடக்கூடச் சரக்கும் கூட வேண்டும், தங்கம் விலை ஏற ஏற அதே எடைச் சரக்குக்கு மேலும் பணம் தேவைப்படும். லாபம் வளர்ந்த சில ஆண்டுகளிலேயே, செயல்பாடுகளிலிருந்து வந்த ரொக்கம் எதிர்மறையாகப் போனதற்கு இதுவே காரணம். மென்பொருள் நிறுவனத்தில் இப்படிப்பட்ட ரொக்கக் கணக்கைப் பார்த்தால் நான் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன். இங்கே அந்த ரொக்கம் தங்கமாகப் பெட்டகத்தில் இருக்கிறது, வேண்டும்போது உருக்கி விற்கலாம் என்பதால் பலவீனத்தின் தீவிரம் குறைகிறது. ஆனால் பலவீனம் இல்லாமல் போய்விடவில்லை. தொழிலை விரிவாக்க வெளிப்பணம் எப்போதும் தேவைப்படும் என்பதே இதன் பொருள்.

வாய்ப்புகளைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. இந்தியர்களின் தங்க மோகம், திருமணங்கள், முறைசாராக் கடைகளிலிருந்து பெயர்பெற்ற கடைகளுக்கு மாறும் போக்கு ஆகிய எல்லாம் உண்மைதான். ஆனால் அவை நகைத் துறையின் வாய்ப்புகள், எந்தத் தனி நிறுவனத்தின் வாய்ப்புகளும் அல்ல. கீதாஞ்சலி ஜெம்ஸ் என்ற நிறுவனம் 2006-இல் பட்டியலிடப்பட்டபோதும் அடுத்த பத்தாண்டுகளிலும், அதன் வாய்ப்புக் கட்டத்தில் இதே வரிகளைத்தான் எழுதியிருக்க முடியும். நட்சத்திரா, கிலி என்று நாடறிந்த பெயர்களும் அதனிடம் இருந்தன. 2018 பிப்ரவரியில், அந்த நிறுவனமும் சிக்கிய பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி வெளிவந்த பிறகு அந்தப் பங்கில் முதலிட்டவர்களுக்கு ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. துறையின் வாய்ப்பு யாருக்கும் சொந்தமில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

வாய்ப்புக்கு இன்னொரு குணம் உண்டு: அதை அடையப் பணம் கொடுக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் இணையவழி நகை விற்பனையில் பெயர்பெற்ற கேரட்லேன் நிறுவனத்தில் தன்னிடம் இல்லாத 27.18 சதவீதப் பங்கை 4,621 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக டைட்டன் அறிவித்தது. முழு நிறுவனத்துக்கும் ஏறக்குறைய 17,000 கோடி ரூபாய் என்ற மதிப்பு இது. அந்த நிறுவனத்தின் அப்போதைய ஓராண்டு விற்பனையைப் போல் ஏழெட்டு மடங்கு. இளைய தலைமுறைக்கு இணையவழியில் எடை குறைந்த நகை விற்கும் வாய்ப்பு உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த வாய்ப்பின் பெரும்பகுதி லாபம் விற்றவரின் கைக்குப் போய்விட்டதா என்பதுதான் கேள்வி. வளைகுடாவில் டமாஸ் என்ற நகை நிறுவனத்தின் 67 சதவீதப் பங்கை வாங்க 2025 ஜூலையில் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அச்சுறுத்தல்களுக்கு வருகிறேன். டைட்டனின் வரலாற்றைப் புரட்டினால், போட்டியாளர்கள் செய்ததைவிட அரசு செய்ததுதான் பங்கை அதிகம் உலுக்கியிருக்கிறது. 2013-இல் நடப்புக் கணக்குப் பற்றாக்குறையைக் கட்டுப்படுத்த, தங்க இறக்குமதி வரி ஒரே ஆண்டில் 4 சதவீதத்திலிருந்து படிப்படியாக 10 சதவீதத்துக்கு உயர்த்தப்பட்டது. அதைவிடக் கடுமையானது, வங்கிகள் நகை நிறுவனங்களுக்குத் தங்கத்தைக் கடனாகக் கொடுப்பதற்கு ரிசர்வ் வங்கி விதித்த கட்டுப்பாடு. டைட்டன் தங்கத்தை வங்கியிடம் கடனாக வாங்கி, நகை விற்ற பிறகு அன்றைய விலையில் பணத்தைச் செலுத்தும் ஏற்பாட்டில் இயங்கிவந்தது. குறைந்த வட்டி, விலைச் சரிவிலிருந்து இயல்பான பாதுகாப்பு ஆகிய இரண்டும் அந்த ஏற்பாட்டில் அடங்கியிருந்தன. ஒரு சுற்றறிக்கையில் அது நின்றதும் மூலதனத் தேவை ஒரேயடியாகக் கூடியது, பங்கு சரிந்தது. 2014 மே மாதம் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டபோது அதே பங்கு துள்ளி ஏறியது. இடைப்பட்ட ஓராண்டில் ஒசூர் ஆலையிலோ கடைகளிலோ அத்தனை பெரிய மாற்றம் ஏதும் நிகழ்ந்துவிடவில்லை.

2024-இல் திசை மாறியது. அந்த ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி வரவுசெலவுத் திட்டத்தில் தங்க இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சென்னையில் ஒரே நாளில் சவரனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் விலை இறங்கியது. வாடிக்கையாளர்கள் கடைகளுக்குத் திரண்டார்கள், விற்பனை பெருகியது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது வாய்ப்பு. ஆனால் டைட்டனின் பெட்டகத்தில் இருந்த சரக்கு 15 சதவீத வரியைச் சுமந்து வந்தது. தங்கத்தின் உலகச் சந்தை விலை ஏற்ற இறக்கத்துக்கு எதிராக நிறுவனம் பாதுகாப்பு ஏற்பாடு (ஹெட்ஜிங்) வைத்திருந்தது. வரியாகக் கட்டிய தொகைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அந்தச் சரக்கு விற்றுத் தீரும்வரை இரண்டு காலாண்டுகளில் 500 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு பதிவாயிற்று. 2024-25-இல் ஒருங்கிணைந்த வருவாய் 18 சதவீதம் அளவுக்கு வளர்ந்தும், நிகர லாபம் முந்தைய ஆண்டின் 3,496 கோடி ரூபாயிலிருந்து 3,337 கோடி ரூபாயாகக் குறைந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒரே காரணம் அன்று என்பதையும் கவனிக்க வேண்டும். 2024 தொடக்கத்தில் 47,000 ரூபாயை ஒட்டியிருந்த ஒரு சவரன் ஆபரணத் தங்கம் 2025 செப்டம்பரில் 80,000 ரூபாயைத் தாண்டியது. விலை ஏறும்போது நகை வியாபாரிக்குக் கொண்டாட்டம் என்று பலர் எண்ணுகிறார்கள். செய்கூலி சதவீதக் கணக்கில் இருப்பதால் ரூபாய் வருமானம் கூடும் என்பது சரியே. ஆனால் குடும்பங்களின் வரவுசெலவு சவரன் விலையோடு சேர்ந்து ஏறுவதில்லை. ஐந்து சவரன் வாங்க வந்தவர் மூன்றோடு நிறுத்திக்கொள்வார். பழைய நகையைக் கொடுத்து மாற்றிக்கொள்வார். முதலீட்டு நோக்கம் உள்ளவர் நகையை விட்டுவிட்டுத் தங்க நாணயம் வாங்குவார். நாணய விற்பனை வருவாய்க் கணக்கை வீங்க வைக்கும், லாபத்தில் சேர்ப்பது மிகச் சொற்பம். எனவே இந்த நிறுவனத்தில் வருவாய் வளர்ச்சி என்ற தலைப்புச் செய்தியை நான் படிப்பதோடு சரி. பலம் என்று குறித்துக்கொள்வதில்லை. வாடிக்கையாளர் எண்ணிக்கை கூடியதா, கல் பதித்த நகைகளின் பங்கு கூடியதா என்ற இரண்டைத்தான் தேடிப் பார்க்கிறேன்.

கல் பதித்த நகைகளில் லாப விகிதம் சாதாரணத் தங்க நகையைவிட மிக அதிகம். அந்தப் பகுதிக்குத்தான் ஆய்வகத்தில் வளர்க்கப்படும் வைரம் அச்சுறுத்தலாக வந்திருக்கிறது. இயற்கை வைரத்தின் அதே வேதி அமைப்பு, விலையோ அதில் சிறு பகுதி. அந்த விலையும் ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டிருக்கிறது. சூரத்தில் இது பெருந்தொழிலாகிவிட்டது. 2023 ஜூனில் பிரதமர் மோடி அமெரிக்கா சென்றபோது அப்போதைய அதிபர் பைடனின் மனைவிக்குப் பரிசளித்தது 7.5 காரட் எடையுள்ள ஆய்வக வைரம் என்பதிலிருந்தே அரசின் மனநிலை புரியும். வைரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்போது என்ன விலை கிடைக்கும் என்று கேட்கத் தெரிந்த நம் வாடிக்கையாளர்கள் இயற்கை வைரத்தையே நாடுவார்கள் என்ற வாதம் உண்டு. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். போட்டியைப் பொறுத்தவரை, 2021-இல் பட்டியலிடப்பட்ட கல்யாண் ஜுவல்லர்ஸும், 2024 ஜூலையில் இந்திரியா என்ற பெயரில் 5,000 கோடி ரூபாய் முதலீட்டுத் திட்டத்தோடு இறங்கிய ஆதித்ய பிர்லா குழுமமும் பெயர் சொல்லத் தக்கவர்கள். இரு தரப்பிடமும் பணத்துக்குக் குறைவில்லை. கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, சேலை ஆகிய மற்றப் பிரிவுகள் லாபக் கணக்கைப் பெரிதாக மாற்றும் அளவில் இல்லாததால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இதுவரை எழுதியது நிறுவனத்தின் அட்டவணை. இதை மட்டும் பார்த்தால் பலமே மிஞ்சி நிற்கிறது. நானும் இதை நல்ல நிறுவனம் என்றே கருதுகிறேன். இனிப் பங்கின் அட்டவணைக்கு வருவோம்.

2014-15-இல் டைட்டனின் நிகர லாபம் 820 கோடி ரூபாயை ஒட்டி இருந்தது. 2024-25-இல் அது 3,337 கோடி. பத்தாண்டுகளில் ஏறக்குறைய நான்கு மடங்கு, அதாவது ஆண்டுக்கு 15 சதவீத வளர்ச்சி. இதே காலத்தில் பங்கின் விலை 400 ரூபாயை ஒட்டிய நிலையிலிருந்து 3,000 ரூபாயை ஒட்டிய நிலைக்கு, ஏழரை மடங்கு ஏறியிருக்கிறது. லாபம் நான்கு மடங்காகும்போது விலை ஏழரை மடங்காக வேண்டுமானால், ஒரு ரூபாய் லாபத்துக்குச் சந்தை கொடுக்கும் விலை கூடியிருக்க வேண்டும். அப்படித்தான் நடந்தது: பங்கு விலை ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்று காட்டும் பி.இ. விகிதம், பத்தாண்டுகளுக்கு முன் 43 அளவில் இருந்தது, 80 ஆகிவிட்டது. முதலீட்டாளர்கள் சம்பாதித்ததில் ஒரு பகுதி நிறுவனத்தின் பலத்தால் வந்தது, இன்னொரு பகுதி அந்தப் பலத்தைச் சந்தை மேலும் மேலும் உயர்வாக மதிப்பிட்டதால் வந்தது. முதல் பகுதி தொடரலாம். இரண்டாவது பகுதி இன்னொரு முறை நிகழ வேண்டுமானால் பி.இ. விகிதம் 150-க்குப் போக வேண்டும். பிரபல முதலீட்டாளர் ராகேஷ் ஜுன்ஜுன்வாலா இந்தப் பங்கில் பெருஞ்செல்வம் சேர்த்ததைப் பலமாக எழுதுகிறவர்கள், 2000-களின் தொடக்கத்தில் அவர் வாங்கிய விலையையும் பக்கத்தில் எழுதினால் நன்றாக இருக்கும்.

2024 ஜனவரியில் பங்கு 3,800 ரூபாயைத் தாண்டியபோது வாங்கியவரின் நிலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அந்த நிதியாண்டின் லாபம் 3,496 கோடி, பங்கு ஒன்றுக்கு 39.4 ரூபாய், பி.இ. விகிதம் 96. அடுத்த பத்தாண்டுகளிலும் லாபம் ஆண்டுக்கு 15 சதவீதம் தவறாமல் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டு முடிவில் சந்தை 60 பி.இ. கொடுக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 60 என்பதே தாராளமான எண்தான். அவருக்குக் கிடைக்கும் ஆண்டு வருமானம் 9.7 சதவீதம். வளர்ச்சி 12 சதவீதமாகக் குறைந்தால் வருமானம் 7 சதவீதத்துக்கும் கீழே போய்விடும், அது வங்கி வைப்புத்தொகை தரக்கூடிய அளவு. ஈவுத்தொகையை நம்பலாமா என்றால், 3,800 ரூபாய்க்கு 11 ரூபாய் என்பது 0.3 சதவீதம். மேலே நான் எழுதிய எந்த அச்சுறுத்தலும் நிகழாமல், எல்லாப் பலங்களும் அப்படியே நீடித்தாலும் இதுதான் கணக்கு. ஆகவே அந்த விலையில் பங்கின் அட்டவணையில் முதல் பலவீனமாக நான் எழுதுவது விலையைத்தான். முதல் அச்சுறுத்தலாக எழுதுவது, வளர்ச்சி 15-லிருந்து 12-க்கு இறங்குவது. நிறுவனத்தின் அட்டவணையில் இந்த இரண்டுக்கும் இடமே இருந்திருக்காது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வாங்கத்தக்க விலை கிடைக்கும். பங்குச் சந்தையின் ஆபத்துக்கு ஈடாக ஆண்டுக்கு 13 சதவீதமாவது வேண்டும் என்பது என் அளவுகோல். 15 சதவீத வளர்ச்சி, முடிவில் 60 பி.இ. என்ற அதே அனுமானங்களோடு பார்த்தால், நான் கொடுக்கக்கூடிய உச்சம், பங்கு ஒன்றுக்கான லாபத்தைப் போல் 71 அல்லது 72 மடங்கு. 2024-25-இல் பங்கு ஒன்றுக்கு லாபம் 37.6 ரூபாய் என்பதால் விலை ஏறக்குறைய 2,690 ரூபாய் ஆகிறது. ஆனால் அந்த ஆண்டு லாபத்தில் சுங்கவரி இழப்பு கலந்திருக்கிறது. அதை ஒருமுறை நிகழ்வு என்று கருதி, வரி போக 400 கோடியைத் திரும்பக் கூட்டினால் பங்கு ஒன்றுக்கான லாபம் 42 ரூபாயாகும்; விலை 3,010 ரூபாயாக உயரும். 2025 ஏப்ரலில் சந்தை முழுவதும் சரிந்தபோது டைட்டன் 2,900-க்கும் 3,000-க்கும் இடைப்பட்ட விலைக்கு இறங்கியது. ஆக, சுங்கவரி இழப்பை எந்தக் கட்டத்தில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தே அந்த இறக்கம் வாங்கும் தருணமா இல்லையா என்பது முடிவாகிறது.

ஒருமுறை நிகழ்வு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. 2022 ஜூலையில் இதே வரி 10.75 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக ஏற்றப்பட்டபோது, இதே இயக்கம் எதிர்த்திசையில் நகை நிறுவனங்களின் சரக்கு மதிப்பைக் கூட்டியது. அப்போது கிடைத்த ஆதாயத்தை யாரும் ஒருமுறை நிகழ்வு என்று கழித்துவிட்டுப் பேசியதாக எனக்கு நினைவில்லை. 2013, 2014, 2022, 2024 என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அரசு தங்கத்தில் கைவைத்துக்கொண்டே இருக்கும்போது, அது இந்தத் தொழிலின் நிலையான குணம். ஆயினும் ஒரே ஆண்டில் 9 சதவீதப் புள்ளிகள் குறைவது அடிக்கடி நடப்பதும் அன்று. ஆதலால் இழப்பில் பாதியை மட்டும் திரும்பக் கூட்டினேன். விலை 2,850 ரூபாய் என்று வந்தது. ஏப்ரல் மாதத் தாழ்வு அதற்குச் சற்று மேலேயே நின்றுவிட்டதால் டைட்டன் என் பட்டியலில் இருக்கிறது, கையிருப்பில் இல்லை.